கூலி நெல்லை வழக்குக்குக் கொடுத்தவர்

புதுவாயல் கடைத்தெருவில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, "முனுசாமி பூட்டாரு வாத்தியாரே, நாங்கல்லாம் அங்கதான் போய்க்கினு இருக்கோம்" என்றார். எங்கள் ஊர்க்காரரின் சாவை அடுத்த ஊர்க்காரர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் தொழிலைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஏரிக்கு நீர்க்கட்டி. மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் விடுவார். சம்பளம் கிடையாது, அறுப்பு முடிந்ததும் களத்தில் அவரவர் அளந்து போடும் நெல்தான் கூலி. தண்ணீர் விஷயத்தில் மாமன் மச்சான் பார்த்ததில்லை. ஒருமுறை என் வயலுக்கான மடையையே அடைத்துவிட்டு, "உங்க பயிரு நாளிக்கும் நிக்கும். அவுங்கது இன்னிக்கே காயுது" என்றார். எனக்கு ஒரு வாரம் கோபம் தீரவில்லை.

நெடுஞ்சாலை ஓரம் ரசாயனத் தொழிற்சாலை ஒன்று வந்து, அதன் கழிவு எங்கள் ஏரியில் விழுந்தது. மீன் செத்து மிதந்தது. கடைமடை வயல்களில் கதிரெல்லாம் பதர். வழக்குப் போட வேண்டும் என்று ஊரே பேசியது. வக்கீலுக்கு யார் கொடுப்பது என்ற பேச்சு வந்ததும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தோம்.

அந்த அறுப்பில் முனுசாமி ஒவ்வொரு களமாக வந்து நின்றார். "என் கூலிய என்கிட்ட குடுக்காதீங்க, வக்கீலுக்குக் கொட்டுங்க. அதுக்கு மேல நீங்க இன்னா போடுறீங்கன்னு பாத்துக்கினு நிக்கிறேன்." அவர் பார்க்கும்போது யாருக்குக் கை சுருங்கும்? கடைமடைக் கண்ணம்மாவுக்கு விளைந்ததே பதர்தான். அதில் ஒரு மரக்கால் அளந்தார். நாங்கள் சிரித்தோம். முனுசாமி சிரிக்கவில்லை. "இத்த கோர்ட்டுக்கு எடுத்துக்கினு போவணும்" என்று துணியில் முடிந்துகொண்டார். வக்கீல் அந்த முடிச்சைத்தான் நீதிபதி முன்னால் அவிழ்த்தார். அந்த வருஷம் முழுக்க முனுசாமி வீட்டில் கேழ்வரகுக் கூழ்தான்.

கம்பெனி பணிந்தது. எங்கள் ஏரிக்கு வந்த குழாயை மூடினார்கள். அம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். அதே கழிவு இப்போது வேறு குழாய் வழியாக அடுத்த ஊர் ஏரியில் விழுகிறது என்பதை அவர்தான் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். மறு அறுப்பிலும் என் களத்துக்கு வந்தார்.

"அந்த ஊரு வழக்குக்கும் அளங்க வாத்தியாரே."

"நம்ம ஏரிதான் தப்பிச்சுதே. இன்னும் இன்னா?"

"தப்பிக்கல. அவுங்க மேல தள்ளி உட்டுட்டோம்."

அவர் கூலியை மட்டும் அளந்தேன். அதற்கு மேல் ஒரு படி போடவில்லை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அவர் அந்தக் கூலி நெல்லை அடுத்த ஊருக்கு வண்டியேற்றினார். அடுத்தடுத்த அறுப்பிலும் அப்படியே. நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

பாடையை அந்த ஊரார் தூக்கினார்கள். எங்களை யாரும் விலக்கவில்லை. நாங்களாகவே பின்னால் நடந்தோம். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வழக்கு இன்னும் நடக்குது. வருஷா வருஷம் உங்க ஊரு நெல்லு வந்துச்சு. 'எங்க ஜனங்க எல்லாரும் சேந்து அளந்தது'ன்னு முனுசாமி சொல்வாரு. உங்கள மறக்க மாட்டோம்" என்று கும்பிட்டார்.

இல்லை என்று சொல்லாமல் நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். முனுசாமியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருக்குச் சேர வேண்டிய அந்தக் கும்பிடு. அதை நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.