டிபன் பாக்ஸ் மூடிக்குள் காய்ந்த படலம்

அந்த வருடங்களில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு தினமும் பஸ்ஸில் போய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பிளாஸ்டிக் கரைசலைக் கண்ணாடித் துண்டின்மேல் முடியைவிட மெல்லிய படலமாகப் பூசி சோலார் செல் செய்யும் வேலை. உள்ளே மூலக்கூறுகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்க்க எக்ஸ்ரே வேண்டும். குளத்தில் சில்லு எறிவதுபோல அதைப் படலத்தின்மேல் சாய்த்து விட்டால் சிதறிப்போய் விழும். விழுந்த இடத்தில் வில்போல ஒரு படம் தெரியும். அடுக்கு ஒழுங்காக இருந்தால் வில் பளிச்சென்று இருக்கும், இல்லையென்றால் மங்கல்தான்.

அந்த எக்ஸ்ரே எங்கள் கல்லூரியில் ஏது? வெளிமாநில ஆய்வுக்கூடம் ஒன்றில் என் வழிகாட்டி மேடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு நாள் வாங்கியிருந்தார். அதற்கான படலங்களைச் செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. கடைசிப் படலம் இன்னும் ஈரம். சூடேற்றும் தட்டு ஆறிக்கொண்டிருந்தது, ஜன்னல் வழியே ரோட்டுப் புழுதி வேறு. மல்லாட்டைச் சட்னி வாசனை போகாத என் டிபன் பாக்ஸ் மூடியை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிட்டேன். இதைப் போய் எழுதுவதா என்று வெட்கம். மற்றவற்றைப் போலவே தட்டில் சூடேற்றியதாக நோட்டில் எழுதினேன்.

ஆய்வுக்கூடத்தில் மற்றதெல்லாம் மங்கல். அந்த ஒன்று மட்டும் வில்லாகப் பளிச்சிட்டது.

"இதுக்கு மட்டும் என்னாம்மா பண்ணே?" என்றார் மேடம்.

"எப்பவும் போலதான் மேடம்." பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

திரும்பி வந்து நோட்டில் இருந்தபடி தட்டில் சூடேற்றி எத்தனை முறை செய்தும் அது வரவில்லை. அந்தப் படலம் நாவல்பழ நிறம், இவை வெளிறிய சிவப்பு. மேடமோ என் நோட்டைப் பார்த்துக் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் பட்டமே போய்விடும் என்று பயம். ஆனால் ஒரு மூடி எப்படி இதைச் செய்தது என்ற கேள்வி அதைவிட அதிகமாக அரித்தது. ஒரு காலை, பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கேட்டுவிட்டு மேடம் திட்டவில்லை. "அந்த மூடிய எடுத்துக்கினு வா," என்றார்.

ஒரு படலத்தை மூடினோம், ஒன்றைத் திறந்தே விட்டோம். மூடிக்குள் கரைசலின் ஆவி தங்கியதால் படலம் மெதுவாகக் காய்ந்தது. மூலக்கூறுகள் ஒழுங்காக உட்கார நேரம் கிடைத்திருக்க வேண்டும். மூடியைத் தூக்கினால், நாவல்பழம்!

"பாத்தீங்களா மேடம்!" துள்ளிக் குதிக்காத குறைதான்.

மேடம் படலத்தைப் பார்க்கவில்லை. என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மத்த பக்கமெல்லாம் நெஜந்தானா?"

"நெஜந்தான் மேடம்."

"நான் எப்பிடிம்மா நம்பறது?"

அழுகை வந்தது. கோபம்கூட வந்தது, என்மேல்தான். மறுநாள் புது நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போய், முதல் படலத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்ய ஆரம்பித்தேன்.