பீங்கான் படிக்கட்டு

வேப்பூரில் என் வீட்டுச் சமையலறை ஜன்னலில், உப்பு ஜாடிக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே, ஒரு பீங்கான் படிக்கட்டு இருக்கிறது. உயரம் என் நடுவிரல் அளவுதான் வரும். படிகள் எல்லாம் வெள்ளை. அடியில் இருக்கிற ஒரே ஒரு படி மட்டும் பழுப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, கொலுவுக்கு வாங்கியதா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். பிறந்த வீட்டுச் சொத்தில் என் பங்கு இது என்று சொன்னால் காபி ஆறும்வரை கதை சொல்ல வேண்டியிருக்கும். சொல்லி முடிக்கும்போது எனக்குத்தான் கோபம் வரும்.

அந்தப் பழுப்புப் படியை ஒட்டியவர் என் பெரியண்ணன். எங்கள் ஊரான விருத்தாசலத்தில், மின்கம்பத்தில் பொருத்துகிற பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தார். நான் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சு எடுக்கும் வேலையில் இருந்தேன். அப்போது கல்யாணம் ஆகவில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன சின்னண்ணன் ஒரு தீபாவளிக்கு வரும்போது டப்பா நிறைய பிளாஸ்டிக் சிப்பாய்களைக் கொண்டுவந்தார். மேஜைமேல் ஓர் ஊரைக் கட்டி, அதில் இரண்டு படைகளை இறக்கி, டேப் பிடித்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுட்டுக்கொள்கிற விளையாட்டு. வெளிநாட்டில் பெரிய ஆட்களே ஆடுகிறார்களாம். "கழுத வயசுல பொம்மையா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெரியண்ணன் ஒரு சிப்பாயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார்.

சின்னண்ணனுக்கு ஆடுவதில் ஆசை, பெரியண்ணனுக்கு ஊரைக் கட்டுவதில். கம்பெனியில் கழித்துப்போட்ட இன்சுலேட்டர்களைக் கேட்டு வாங்கி மொபெட்டில் கட்டிக்கொண்டு வருவார். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் தண்ணீர்த் தொட்டி. உடைந்த ஃபியூஸ் கட்டைகள் மேம்பாலத்துக்குத் தூண். சுவருக்குத் தெர்மகோலும் அட்டையும், பால்கனிக் கம்பிக்குக் கொசுவலை, ரோட்டுக்கு ஃபெவிக்கால் தடவித் தூவிய ஆற்று மணல். ஒரு கடைத்தெரு, பல மாடி லாட்ஜ், மொட்டைமாடியிலிருந்து மொட்டைமாடிக்குப் பலகைப் பாலம். ஒவ்வொரு மாடியும் டப்பா மூடி மாதிரி தனியாகக் கழன்று வரும். உள்ளே நிற்கிற சிப்பாயை நகர்த்த வேண்டுமே. "கை போவணும். கை போவாத வூட்டக் கட்டாத" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "மாடின்னு ஒண்ணு வெச்சா ஏற எறங்க வழி வைக்கணும். இல்லாட்டி மேல நிக்கிறவன் செத்தான்." விளையாட்டில் அது நிஜம்தான். உயரத்தில் நிற்பவனுக்குத் தூரம் தெரியும், சுடலாம். இறங்க வழியில்லாவிட்டால் கீழே இருப்பவர்கள் வளைத்து முடித்துவிடுவார்கள். அதனால் அட்டையை மடித்து மடித்து, ஒரு மாடி விடாமல் படி ஒட்டியிருந்தார்.

லாட்ஜில் தரையிலிருந்து முதல் மாடிக்கு மட்டும் அட்டைக்குப் பதில் பீங்கானிலேயே படிக்கட்டு செய்து தருகிறேன் என்று நான் வாயைவிட்டேன். அளவெடுத்து, அச்சு செய்து, களிமண் குழம்பை ஊற்றி, கம்பெனிச் சூளையில் பொம்மைகளோடு வைத்துச் சுட்டு எடுத்து வந்தேன். வைத்துப் பார்த்தால் மாடியை எட்டவில்லை. சூளையில் மண் சுருங்கும், அதற்குச் சேர்த்துத்தான் அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தினமும் அதையே செய்து சம்பளம் வாங்குகிற நான் ஆசையில் மறந்துவிட்டேன். சின்னண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெரியண்ணன் சிரிக்கவில்லை. பழுப்பு இன்சுலேட்டர் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், துவைக்கிற கல்லில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது. சாயங்காலம் அதைப் படிக்கட்டின் அடியில் ஒட்டி லாட்ஜுக்குள் வைத்தார். மாடியோடு அழகாகப் பொருந்தியது. "ஒரு படி கொறைஞ்சா என்னா பாப்பா? அண்ணன் வெச்சித் தர மாட்டனா?" என்றார். அந்த மனிதரைத்தான் நான் அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கல்யாணமாகி வேப்பூர் வந்தேன். அப்பா கட்டிவிட்டுப் போன வீடு கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழே பெரியண்ணன் குடும்பம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் சின்னண்ணன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் மாடிக்குக் குடிவந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் மாடிக்குப் போனாள். மாடிப்படி இருந்ததோ பெரியண்ணன் வீட்டு ஹாலுக்குள். டிவி பார்க்கிறவர்கள் முன்னால் குறுக்கே நடக்கிறார்கள், செருப்போடு ஏறுகிறார்கள், தண்ணீர் மோட்டாரை யார் நிறுத்துவது. சண்டைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? கொஞ்ச நாளில் பாகம் பிரிக்கிற பேச்சு வந்துவிட்டது.

கீழ்வீடு பெரியவருக்கு, மேல்வீடு சின்னவருக்கு. படிக்கட்டு இருக்கும் இடம் கீழ்வீட்டோடு போயிற்று. எனக்கு எதுவும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போட்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து வந்த சூட்டோடு மேஜைமேல் இருந்த ஊரையும் பிரித்தார்கள். முதலில் விளையாட்டுக்கு என்றுதான் நினைத்தேன். "கீழ இருக்கறதெல்லாம் என்னுது. மாடியெல்லாம் நீ எடுத்துக்க" என்றார் பெரியண்ணன். சின்னண்ணனும் வீம்புக்கு மாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டார். கூரையில்லாத கடைகளும் லாட்ஜும் மேஜைமேல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. பீங்கான் படிக்கட்டு கீழேயும் சேராமல் மேலேயும் சேராமல் ஓரமாகக் கிடந்தது. எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த மாதமே பெரியண்ணன் ஹாலில் படிக்கட்டு வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். சின்னண்ணன் பக்கத்துச் சந்தில் சுற்றிச் சுற்றி ஏறுகிற இரும்புப் படி போட்டுக்கொண்டார். அதில் ஏறினால் எனக்கே தலை சுற்றும். மூட்டுவலிக்கார அம்மா எப்படி இறங்குவாள்? பெரியண்ணனிடம் போய் நின்றேன். "செவுத்துல ஒரு கதவாவது வையிங்கண்ணே. அம்மா பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போவாங்க இல்ல?" "அவங்க மேலதான இருக்கணும்னு போனாங்க. இருக்கட்டும்" என்றார். சின்னண்ணனிடம், நீங்களாவது அகலமாகப் படி கட்டக்கூடாதா என்றேன். "எடம் எங்க இருக்குது? அவரக் கொஞ்சம் வுடச் சொல்லு." ஆளுக்கொரு நியாயம் வைத்திருந்தார்கள். அம்மாவுக்குத்தான் ஒன்றும் இல்லை. மாசி மகத்துக்கு ஊரே கோயில் பக்கம் போனபோது அவள் பால்கனியில் நின்று மேளச் சத்தம் வந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். சின்னவரைவிடப் பெரியவர் மேல்தான் எனக்கு ஆத்திரம். பிளாஸ்டிக் சிப்பாய் ஏற வழியில்லையே என்று கல்லில் கை தேயத் தேய்த்தவர் அவர்தானே?

ஓர் ஐப்பசி மழையில் அம்மா மாடியிலேயே செத்துப்போனாள். அவளைப் படுக்கவைத்துத் தூக்கினால் அந்த இரும்புப் படியில் திரும்ப இடமில்லை. "ஹால் செவுத்த இடிச்சிடலாங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் பெரியண்ணனைப் பார்த்தார்கள். "இப்பதான் டைல்ஸு ஒட்டுனது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. சொன்னது அவர் காதிலேயே எப்படி விழுந்ததோ, சட்டென்று மழையில் இறங்கிப் போய் இரும்புப் படியின் அடியில் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் கட்டி இறக்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் நாற்காலி கம்பியில் இடித்தது. கீழே அவர்தான் வாங்கிக்கொண்டார். வாய்விட்டு அழுதார். எனக்கு அந்த அழுகை பிடிக்கவில்லை.

போன வாரம் பெரியண்ணன் போன் செய்தார். இப்போது ரிடையராகி வீட்டில் இருக்கிறார். பெண்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். சின்னண்ணன் மேல்வீட்டைப் பூட்டிக்கொண்டு மறுபடி சென்னைக்கே போய்விட்டார். போகும்போது மாடிகள் இருந்த அட்டைப்பெட்டியைக் கீழ்வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனாராம். ஊரை மேஜைமேல் திரும்ப அடுக்கிவிட்டதாகப் பெரியண்ணன் சொன்னார். குரலில் பழைய துள்ளல் இருந்தது.

"எல்லாம் உக்காந்துடுச்சி பாப்பா. லாட்ஜுக்குத்தான் மேல போவ வழியில்ல. அந்தப் படி உங்கிட்டதான இருக்குது?"

"இருக்குதுண்ணே."

"அடுத்த வாட்டி வரப்ப எடுத்தாறியா?"

"அம்மாவுக்கும்தான் வழியில்லாம இருந்துது" என்றேன். "லாட்ஜுக்கு மட்டும் எதுக்குண்ணே?"

சொல்லிவிட்டு நானே போனை வைத்தேன்.

இன்று காலை ஜன்னலைத் துடைக்கும்போது படிக்கட்டையும் எடுத்துத் துடைத்தேன். வெள்ளைப் படிகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கிறது. அடியில் இருக்கிற பழுப்புப் படியை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். பிறகு கத்தி முனையால் நெம்பினேன். அசையவே இல்லை, அவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறார். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் திரும்ப வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போனேன்.