ஆக்சில் விட்ட பெருமூச்சு

கம்பம் பைபாஸ் ஓரத்து ஒர்க்‌ஷாப். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளுக்கு நடுவே என் ஜீப்பும் நிற்கிறது. பின்பக்க ஆக்சில் சீல் நான்காவது முறையாக ஒழுகி, பிரேக் டிரம்முக்குள் ஆயில் புகுந்துவிட்டது. இந்தப் பிரேக்கை நம்பி மலைப்பாதையில் இறங்கினால், ரோடு வளையும். நான் நேராகப் போவேன்.

புது சீல் ஒன்றை நீட்டுகிறேன். மெக்கானிக் சலீம் பாய் அதைப் பார்க்காமலே வண்டிக்கடியில் மல்லாக்கப் படுக்கிறார். ஆக்சிலின் மேற்புறத்தை விரலால் தடவி, எதையோ நெம்புகிறார். புஸ்ஸென்று காற்று கிளம்புகிறது.

“சீல் என்ன செய்யும்ணே? சூடானா காத்து போறதுக்கு இங்கன ஒரு ஓட்டை இருக்கு. அதைப் பசை வச்சு அடைச்சிருக்காக. காத்து வேற வழியில்லாம சீல் பக்கமா ஆயிலைத் தள்ளுது.”

மூன்று ஊர் மெக்கானிக்குகளுக்குப் பிடிபடாதது இவர் ஒற்றை விரலுக்குப் பிடிபட்டுவிட்டது. கும்பிடத் தோன்றுகிறது.

“எந்த மெக்கானிக்ணே அடைச்சாக?”

ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் புகக்கூடாதென்று, நாலு புத்தகம் படித்துவிட்டு அடைத்தவன் நான்தான்.

“மெக்கானிக் இல்ல பாய். படிச்ச ஆளு.”

“அவுக கையில இனிமே வண்டியக் குடுத்துறாதீக” என்கிறார்.

சீலையும் பிரேக் ஷூவையும் மாற்றி முடித்ததும், சாவியை என் கையிலேயே கொடுக்கிறார்.