எண்ணெய் வைக்காத கம்பெனி

எங்கள் கம்பெனி ஆட்களை அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடைகளில் அடையாளம் காண யூனிஃபார்ம் எதுவும் தேவைப்படவில்லை. தலையைப் பார்த்தாலே போதும். எண்ணெய் காணாமல் செம்பட்டை பாய்ந்து, நாலா பக்கமும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். "பரட்டை கம்பெனி வந்துச்சு, டீ போடு" என்று கடைக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சுள்ளென்று கோபம் வரும். முதலாளி மகளாயிற்றே.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. வெல்டிங் பட்டறைகளில் ஆள் உயரத்துக்குக் கறுப்பாக நிற்குமே, அந்த சிலிண்டர்களில் நாங்கள் ஆக்சிஜன் நிரப்பிக் கொடுத்தோம். அவ்வளவு அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. வால்வு வாயில் ஒரு பிசுக்கு இருந்தால் போதும், தீக்குச்சியே வேண்டாம், தானாகப் பற்றிக்கொண்டு வெடிக்கும். அப்பா இளம் வயதில் எங்கோ அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். எங்கே, யாருக்கு நடந்தது என்று எத்தனை முறை கேட்டும் சொன்னதில்லை.

அதனால் சட்டம் கடுமையாக இருந்தது. வேலை நாளில் தலையில் எண்ணெய் கூடாது. நிரப்பும் ஷெட் வாசலில் ஒரு தொட்டி, ஒரு சோப்பு. கையைக் கழுவிவிட்டு அப்பாவிடம் நீட்ட வேண்டும். வீட்டிலும் கம்பெனியிலும் எல்லாருக்கும் அவர் நைனாதான். அந்த நைனா ஒவ்வொரு உள்ளங்கையையும் மூக்கருகில் வைத்து மோந்து பார்ப்பார். மூக்கு என்றால் அப்படி ஒரு மூக்கு.

"இன்னாடா, காலைல வடையா?"

"ஒன்னே ஒன்னுதான் நைனா."

"ஒன்னு துன்னாலும் வடை வடைதான். போய் திரும்பக் கழுவு."

அப்பா முதலில் எஸ்டேட்டில் வெல்டராக இருந்தவர். வேலை மும்முரமாகப் போகும்போது கேஸ் தீர்ந்துவிடும். ஊருக்குள்ளிருந்து அடுத்த சிலிண்டர் வரும்வரை பட்டறையே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்து உட்கார்ந்து எரிச்சலாகி, மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தானே சிலிண்டர் கொண்டுவர ஆரம்பித்தார். பிறகு பட்டறை பட்டறையாகக் கொடுத்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, கூடச் சேர்ந்தார். அவர் கொண்டுவந்தது எரிபொருள் வியாபாரம். பாய்லர் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு ஃபர்னஸ் ஆயில், டீசல், பீப்பாய் பீப்பாயாக. சில வருஷங்கள் கழித்து திருமுல்லைவாயிலுக்கும் பருத்திப்பட்டுக்கும் நடுவே ஒரு மனை வாங்கி, யாரோ கழித்துக் கட்டிய பழைய ஆக்சிஜன் பிளாண்ட்டைப் பிரித்துக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

இதில் வேடிக்கையைக் கவனித்திருப்பீர்கள். அண்ணன் ஆக்சிஜன், தம்பி எண்ணெய். ஒரே மனை. ஷெட்டுக்கும் பீப்பாய்களுக்கும் நடுவே நல்ல தூரம் விட்டு, ஒரு சுவரும் எழுப்பி, அதோடு நிற்காமல் முற்றத்தின் குறுக்கே அப்பா தன் கையாலேயே ஒரு வெள்ளைக் கோடு போட்டார். சித்தப்பா வேலை நேரத்தில் அதைத் தாண்டக் கூடாது. உயிருக்கு உயிரான அண்ணன் தம்பிகள், பகல் முழுக்கக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்தித்தான் பேசிக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்கள் பாகப்பிரிவினைச் சண்டை என்று நினைத்துக்கொண்டு சமாதானம் பேச வருவார்கள். சாப்பாட்டுக்கூடமும் சித்தப்பா பக்கத்தில்தான் இருந்தது, குழம்பில் எண்ணெய் இருக்கிறதே. சனிக்கிழமை நாலு மணிக்குக் கம்பெனி மூடியதும் எல்லார் வீட்டிலும் எண்ணெய்க் குளியல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எங்கள் குடும்பம் உட்கார்ந்திருக்கும் வரிசை மட்டும் பளபளவென்று மின்னும். ஒரு வாரத்து எண்ணெயையும் ஒரே நாளில் தேய்த்துக்கொண்டால் வேறு எப்படி இருக்கும்?

நான் பி.காம். முடித்துவிட்டு ஆபீஸ் ஜன்னலோரம் சலான் எழுத உட்கார்ந்தேன். அந்த ஜன்னல் வழியாக ஷெட் தெரியும். எனக்கு அந்த ஷெட்தான் வேண்டும். கம்ப்ரஸர் டகடகவென்று ஓட, பத்துப் பன்னிரண்டு சிலிண்டர்கள் வரிசையாகக் குழாயில் மாட்டி நிற்க, நிரப்புகிற ஆள் ஒவ்வொன்றின் உடம்பிலும் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நடப்பார். கேஸ் ஏறுகிற சிலிண்டர் சூடாகும். சில்லென்று இருந்தால் அதில் ஏதோ அடைப்பு. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகளை அம்மா தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கும். இதை விட்டுவிட்டு சலான் எழுதுவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பாவிடம் கேட்டேன். அவர் என் பின்னலைப் பார்த்தார். முழங்கால் வரை இருந்தது, அம்மாவின் பெருமை அது. ஆபீஸ் வேலைக்கு எண்ணெய்த் தடை இல்லாததால் தினம் காலையில் தேங்காய் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிடுவார்.

"இத்த வெச்சுகினு ஷெட்டாண்ட வருவியா? போய் சலான எழுது."

"எண்ணெய நிறுத்திட்டா?"

வீம்புக்குக் கேட்டேன். அவரும் வீம்புக்கு, "ஆறு மாசம் நிறுத்து, அப்பால பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே நிறுத்திவிட்டேன். அம்மா அழுதார். எண்ணெய் வைக்காத பெண்ணை எவன் கட்டுவான் என்பது அவர் கேள்வி. ஐயப்பன்தாங்கலிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் என் தலையைப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று அத்தையிடம் தனியாக விசாரித்தார்களாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பிடிவாதம்தான்.

ஆறு மாசம் முடிந்ததும் அப்பாவால் மறுக்க முடியவில்லை. காலை ஷிஃப்டில் நிரப்புகிறவருக்குக் கூடமாட நிற்க விட்டார். அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆவடிக்காரர், ரொம்பவும் சங்கடப்பட்டார். "ஏம்மா, நான் கீறப்ப உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்பார். ஒரு வருஷத்தில் அவரே கம்ப்ரஸரை என்னிடம் விட்டுவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போக ஆரம்பித்தார். ஆனால் கூடமாட நிற்பது வேறு, ஷிஃப்ட்டே என்னுடையது என்பது வேறு. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

அதற்கு இரண்டாவது ஷிஃப்ட் என்று ஒன்று இருக்க வேண்டுமே. எங்கள் பிளாண்ட் அரை நாள்தான் ஓடியது. பட்டறைகளை மட்டும் நம்பி அவ்வளவுதான் முடியும். அப்போது ஆவடிப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலை புது ஆளிடம் ஆக்சிஜன் வாங்கப் போவதாகச் செய்தி வந்தது. அப்பா நாலு முறை நடந்தார். கடைசியில் அவர்களுடைய அதிகாரி நேரில் வந்து பிளாண்ட்டைப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அன்று சாப்பிடும்போது அப்பா என் முகத்தைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இந்த ஆர்டர் வந்தா ரெண்டு ஷிஃப்ட் ஓட்டலாம். மதியம் ஷிஃப்ட்ட நீ பாத்துக்க. வரலேன்னா பிளாண்ட்ட மூடிகினு, பழையபடி மத்தவன் கேஸ வாங்கி விக்க வேண்டியதுதான்."

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, சந்தோஷத்திலும் பயத்திலும்.

அதிகாரி ஒரு சனிக்கிழமை காலை வந்தார். ஆண்களுக்கு எண்ணெய் தேய்க்கும் நாள். அப்பாவுக்கும் இது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. காரிலிருந்து இறங்கியவரின் தலை கண்ணாடி போல வெயிலைத் திருப்பி அடித்தது. வாரிய முடியிலிருந்து எண்ணெய் காதோரம் வழிந்ததால், காலருக்கு உள்ளே ஒரு கைக்குட்டையை வைத்திருந்தார். நல்ல மனிதர், வாய் நிறையச் சிரித்தார். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளங்கையால் தலையைத் தடவிக்கொண்டார். நான் எண்ண ஆரம்பித்தேன்.

ஷெட்டில் அப்போது கேஸ் ஏறிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்றிருந்தேன். அப்பா அவரை அழைத்துக்கொண்டு வந்தார். வழியில் தொட்டி வந்தது, சோப்பு வந்தது. அப்பா நிற்கவே இல்லை.

"உள்ள வாங்க சார், வாங்க" என்றார்.

என்னால் நம்ப முடியவில்லை. ஒரு வடைக்காக ஆட்களைத் திருப்பி அனுப்பிய மனுஷன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. அப்பா பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. வேலியே பயிரை மேயலாமா என்று கோபம் வந்தது. கூடவே அவர்மேல் பரிதாபமாகவும் இருந்தது. எனக்கும் அந்த ஆர்டர் வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் மதிய ஷிஃப்ட் என்னுடையது. ஆனால் உள்ளே எங்கள் ஆள் சிலிண்டர்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

கையைக் குறுக்கே நீட்டிவிட்டேன். "சார், மன்னிக்கணும். தலைல எண்ணெய் இருந்தா உள்ள விட மாட்டோம்."

"கையக் கழுவிக்கிறேன்மா."

"கழுவினாலும் கை மறுபடி தலைக்குத்தான் சார் போகும். நீங்க வந்ததுலேருந்து ஆறு தடவ போச்சு."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "இருபது வருஷமா ஆக்சிஜன் வாங்கறேன். எனக்கே பாடமா?" என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா பேயறைந்த மாதிரி நின்றார். "வழிய விடு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் விடவில்லை. பயந்தேன், அது உண்மை. நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை.

அப்போதுதான் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார்.

"சார்! எண்ணெ வெச்ச தலைக்கெல்லாம் இந்தப் பக்கம் சார்! இங்க யாரும் மோந்து பாக்க மாட்டாங்கோ. வாங்க, டீ சாப்புடுங்க."

அதிகாரிக்கு வேறு போக்கிடம் இல்லை. விறைப்பாக நடந்து அந்தப் பக்கம் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். சித்தப்பா டீ வரவழைத்தார். என்ன பேசினார்கள் என்று பிறகு சித்தப்பா சொல்லித்தான் தெரியும். கோடு எதற்கு என்று அவர் கேட்டிருக்கிறார். "என் அண்ணங்காரன்தான் சார் அது. வேல நேரத்துல நான் அவரத் தொட்டதே இல்ல. கட்டிப்புடிக்கணும்னா ஞாயித்துக்கெழம சர்ச்சுலதான்" என்று சித்தப்பா சொல்ல, அந்த மனிதர் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டு சிரித்திருக்கிறார்.

நான் அதற்குள் உள்ளே போய் என் வேலையைப் பார்த்தேன். வேறு என்ன செய்வது, கேஸ் ஏறிக்கொண்டிருக்கிறதே. கை வைத்துக்கொண்டே நடந்தேன். நிமிர்ந்தபோது அதிகாரி கோட்டின் விளிம்பில், காலணி நுனி அதைத் தொடாமல் நின்றிருந்தார்.

"என்னம்மா, ஒவ்வொண்ணாத் தடவிக் கொடுக்கற?" என்று கத்தினார்.

"சூடு பாக்கறேன் சார்! இந்த ஏழாவது சில்லுனு கீது, கேஸ் ஏறல!" என்று நானும் கத்தினேன். அவசரத்தில் வீட்டுப் பேச்சே வந்துவிட்டது. வால்வைச் சரிசெய்து திறந்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் சூடேறியது. அவர் அதையும் நின்று பார்த்தார். பிறகு ஷெட்டுக்குள் வராமலே காரில் ஏறிப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு ஞாயிறு வேண்டவே வேண்டாம். அப்பா என்னுடன் பேசவில்லை. சர்ச்சில்கூட எனக்கும் அவருக்கும் நடுவே அம்மாவை உட்கார வைத்தார். ஆர்டர் போனது, பிளாண்ட் போனது, எல்லாம் என் வாயால் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அதே கார் வந்தது. இறங்கினவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. சீயக்காய் போட்டு அலசி, முடி முழுக்க எழும்பி, வெடித்த இலவங்காய் மாதிரி இருந்தார். நேராகத் தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினார். என்னிடம் நீட்டி, "போதுமா?" என்றார். போதும் என்றேன். ஒரு மணி நேரம் எல்லாக் குழாயையும் வால்வையும் குடைந்து குடைந்து பார்த்தார். போகும்போது அப்பாவிடம், "என்னையே நிறுத்தினவங்க வேற யாரயும் உள்ள விட மாட்டீங்க" என்றார். அந்த மாசமே ஆர்டர் வந்தது.

கடிதம் வந்த அன்று அப்பா ஆபீசுக்குள் வந்து கதவைச் சாத்தினார். கடிதத்தை என் மேஜைமேல் வைத்தார்.

"நான் பயந்துட்டேம்மா" என்றார். "நீ பயப்படல."

நானும் பயந்தேன் என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவர் கதவைத் திறந்துகொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். அதனால் இன்றுவரை அந்த விஷயம் அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

மதிய ஷிஃப்ட் தொடங்கிய முதல் நாள், கம்ப்ரஸரை ஓடவிட்டு வரிசையில் நடக்க ஆரம்பித்தேன். அப்பா வாசலில் நின்றார், நாலு மணி சுமாருக்குக் காணோம். சித்தப்பா பக்கம் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மிச்சத்தை அம்மா சொல்லித்தான் கேட்டேன். பிளாண்ட் மாட்டிய நாளிலிருந்து, அது ஓடும்போது அப்பா அந்த மனையை விட்டு வெளியே போனது கிடையாது. காய்ச்சலிலும் அங்கேயே பெஞ்சில் படுத்திருப்பார். பட்டப்பகலில் அவர் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்ததும் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். பிளாண்ட்டுக்கு என்ன ஆச்சு என்று அலறியிருக்கிறார்.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருக்கிறார். "ஒன்னும் ஆவல. அங்க பொண்ணு கீதுல்ல" என்று சொல்லிவிட்டு, பாயை விரித்துப் படுத்துத் தூங்கிப்போனாராம்.