மருமகள் சொல்லித்தந்த இரண்டு வார்த்தைகள்

என் மருமகள் பிலிப்பைன்ஸில் அக்லான் பக்கத்துப் பெண். சிதம்பரத்துக்கு வந்து தமிழ் கற்றுக்கொண்டவள், தன் அக்லான் மொழியை எனக்கும் சொல்லித்தரப் பார்த்தாள். "இந்த வயசுல எனக்கு எதுக்குடி அதெல்லாம்?" என்று எரிந்து விழுவேன். 'மாயாட்' என்றால் நலம், 'காஓன்' என்றால் சாப்பிடுவது. அதோடு சரி.

பிரசவத்துக்குக் கடலூரில் சேர்த்தோம். "பிபி ரொம்ப ஜாஸ்தியா இருக்கும்மா, உடனே ஆபரேஷன் பண்ணணும்" என்று நர்ஸ் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கதவு மூடியதும் என் கையிலிருந்த அவளுடைய போன் அடித்தது. வீடியோவில் அவள் அம்மா. அந்த அம்மாவுக்கு அக்லான் மட்டும்தான் தெரியும். என் மகனோ கப்பல் வேலையில் நடுக்கடலில் இருந்தான்.

"மாயாட்?" என்று கேட்டாள்.

எனக்கே தெரியாததை என்னவென்று சொல்வேன்? "மாயாட், மாயாட்" என்றேன். கண்ணோ மூடிய கதவுப் பக்கமே போனது. பொய் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தி அழப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, குவித்த விரல்களை வாயருகே கொண்டுபோய், "காஓன்?" என்றாள்.

காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. பையிலிருந்த பன்னைத் தின்று முடிக்கும்வரை அவள் என்னை விடவில்லை.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கம்மா" என்று நர்ஸ் வந்து சொன்னபோதும் அந்த அம்மா போனில்தான் இருந்தாள். இப்போது 'மாயாட்' என்பது உண்மை. இந்தத் தடவை போனை நேராகப் பார்த்துச் சொன்னேன்.