கழுவிய கரட்

காலை ஏழு மணி, மாத்தளை. தம்புள்ளை பஸ்ஸைக் கோட்டைவிட்டு நின்ற என்னை ஒரு காய்கறி லொறி ஏற்றிக்கொண்டது. நாற்பத்தைந்து கிலோமீற்றருக்கு முந்நூறு ரூபாய் கேட்டார் டிரைவர் நிஸார் நானா. முன்சீட்டில் செல்வி என்ற பெண் இருந்தார். ரத்தோட்டைக்கு மேலே குளிர்ப்பக்கத்து ஆள். பின்னாலிருந்த மூட்டைகள் அவருடைய முதல் கரட் விளைச்சல்.

"காணி ஒரு சிங்கள மாத்தயாவோடதுங்க. ஒரு போகம் வெளைச்சு வித்துக் காட்டு, பொறவும் நீயே செய்யலாம்னாரு. இல்லாட்டி மிளகு வச்சிருவாராம்" என்றார். "நேத்து அந்தியில ஓடையில வச்சு எல்லாத்தையும் கழுவிக் கட்டினேன். மண்ணோட கொண்டு போனா யாரு மதிப்பாங்க?"

பலாபத்வலையில் டயர் பஞ்சர். ஜாக்கி பாதியில் காலை வாரியது. இரண்டு மணி நேரம் வெயிலில் காய்ந்தோம். தார்ப்பாய்க்குள் கரட் புழுங்கியது.

நாலந்தாவில் பிளேன்டீ. பள்ளியில் எங்கள் வாத்தியார் கரட்டை 'மஞ்சள் முள்ளங்கி' என்று எழுதவைத்ததைச் சொன்னேன். அப்படிக் கேட்டால் எந்தக் கடையில் தருவான்? நானா சிரித்தார். "நாங்களும் கரட்டுங்கிறோம், சிங்கள ஆளும் கெரட்டுங்கிறான். இதுக்காவது சண்டை இல்லையே."

பகல் பன்னிரண்டு, தம்புள்ளைச் சந்தை. வியாபாரி ஒருவர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார். வெளியே வந்த கரட் வழவழத்தது. "ஈரத்தோட கட்டினீங்களா? அவிஞ்சி அழுகிப் பெய்த்து. மண்ணோட கொண்டு வந்தா நாலு நாளைக்கு நிக்கும்" என்றார். சந்தை முழுக்க அலைந்தோம், ஒருவரும் வாங்கவில்லை. கடைசியில் மாடு வளர்ப்பவர் ஒருவர் அத்தனையையும் சும்மா ஏற்றிப்போனார். கொழும்பில் நானும் பளபளப்பைப் பார்த்துத்தான் கரட் பொறுக்குகிறேன்.

அப்போது காணிக்கார மாத்தயாவிடமிருந்து செல்விக்குப் போன் வந்தது. செல்வி சிங்களத்தில் பேசியது எனக்கு விளங்கியது. எல்லாம் நல்ல விலைக்குப் போய்விட்டது என்றார். காணி கையை விட்டுப் போகாதிருக்கச் சொன்ன பொய். அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம், போனுக்கு வெளியே கேட்டது. அப்படியானால் அடுத்த போகம் தானே கரட் போடப்போகிறாராம். செல்வி கூலிக்கு வரலாமாம்.

"சரிங்க மாத்தயா" என்று போனை வைத்தார் செல்வி. விற்காவிட்டால் மிளகுக்குப் போகும், விற்றால் மாத்தயாவுக்குப் போகும். இது என்ன நியாயம் என்று நான்தான் கத்தினேன். அவர் காலி சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

விடைபெறும்போது, "கழுவாம கொண்டு போகணும்னு மாத்தயாவுக்குச் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன்.

"அத நான் எதுக்குங்க சொல்லணும்?" என்றார்.