பாகத்தில் சேராத கோழி

பாகம் பிரித்த அன்று கோழி அடையில் இருந்தது. அந்த வீட்டில் பிரிக்க முடியாமல் போனது அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் பிரிந்தது. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஊரில் நாலு பேர் நடுவில் இருந்து பேசி முடித்தார்கள். ரோட்டோர மனை தம்பிக்கு, வீடும் தோட்டமும் எங்களுக்கு. தென்னை மரத்தில்கூட இது உனக்கு, அது எனக்கு. தம்பி மனைக்கு முன்பே விலை பேசி, கேளம்பாக்கத்தில் ஃப்ளாட்டுக்கு முன்பணம் கொடுத்துச் சாவியும் வாங்கிவிட்டார். அவருக்கு வேலை அந்தப் பக்கம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் அங்கேதான். எல்லைக்கல் விஷயத்தில் அண்ணன் தம்பிக்குள் வார்த்தை தடித்து, இனி ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை என்கிற அளவுக்குப் போயிருந்தது. பெண்கள் எங்கள் இருவருக்கும் எந்தச் சண்டையும் இல்லை. எங்களை யாரும் கேட்கவும் இல்லை.

அவள் எனக்கு ஓரகத்தி, தம்பியின் மனைவி. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். கடப்பாக்கம் பக்கம் அம்மா வீடு. போன தடவை அங்கே போய்விட்டு வரும்போது ஒரு விடைக்கோழியை ஒயர்கூடையில் வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, பஸ்ஸில் கொண்டு வந்து இறங்கினாள். எனக்குக் கோழி என்றாலே ஆகாது. கூட்டித் துடைத்த இடத்தில் எச்சம் போடும், துளசிச் செடியைக் கிளறும். "உன் கோழிய வெட்டிக் கொழம்பு வைக்கிறேன் பாரு" என்று கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்தாத நாள் இல்லை. அவள் சிரிப்பாள். "வைக்கா, நான் மசாலா அரைச்சித் தரேன்" என்பாள். அந்தக் கோழி வளர்ந்து, முட்டை இட்டு, முதல் முறையாக அடைக்கு உட்கார்ந்த நேரத்தில்தான் வீட்டில் பாகப் பேச்சு வந்தது.

பேச்சு முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும்போது தம்பி கேட்டார், "கோழி?"

நாலு பேரில் ஒருவர் எட்டிப் பார்த்தார். சமையலறைக்குப் பின்னால், என்னுடைய பழைய மூங்கில் கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டுப் பதினோரு முட்டை வைத்திருந்தாள். ஒற்றைப்படையாகத்தான் வைக்க வேண்டும் என்பாள். கோழி சிலிர்த்துக்கொண்டு அவரைப் பார்த்து உறுமியது.

"அடையில கீற கோழிய எடம் மாத்தினா முட்டையெல்லாம் கூமுட்டையா பூடும்பா. இங்கியே பொரிக்கட்டும். கோழி சின்ன மருமவளுது, வளக்கப்போறது பெரிய மருமவ. குஞ்சு தாயை விட்டுப் பிரிஞ்சதும் பங்கு பிரிச்சிக்கோங்க, ஆளுக்குப் பாதி" என்றார்.

"ஒத்தக் குஞ்சு மிஞ்சினா?" என்று இன்னொருவர் கேட்டார்.

"அது பொதுவில நிக்கட்டும். அடுத்த அடையோட சேத்துக் கணக்கு பாத்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்று முழுக்க அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

சாமான் ஏற்றிய டெம்போ வாசலில் நிற்க, அவள் கூடை அருகே குந்திக்கொண்டு எனக்குப் பாடம் சொன்னாள். சாயங்காலம் ஒரு வேளை இறக்கி விட வேண்டும். தண்ணீரும் தீனியும் காட்ட வேண்டும். எச்சம் போட்டுவிட்டுத் தானாகவே ஏறிக்கொள்ளும், அதுவரை முட்டையை நான் தொடக்கூடாது. "அதத் திட்டாதக்கா. அடையில கீறப்போ மனசு நோவக்கூடாது" என்றாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நானும் அழவில்லை. டெம்போ திரும்பிப் போன பிறகு சமையலறையில் அவள் தட்டு வைக்கும் இடம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, அன்று இரவுச் சோறு வடிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பெண் கல்யாணமாகிப் போனபோதுகூட வீடு இப்படி இல்லை. அப்போது இவள் இருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது.

"எறங்கிச்சா?"

"இன்னா எறங்கிச்சா?"

"கோழிக்கா."

அதன் பிறகு தினமும் வந்தது. கோழிக்காகத்தான் போன் என்பதால் என் வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பார். கோழி எவ்வளவு தின்றது, எச்சம் என்ன நிறம், எல்லாம் கேட்பாள். கேட்டு முடித்த பிறகு மற்ற பேச்சு வரும். ஃப்ளாட்டில் பால்கனிக்குப் புறா வலை கட்டியிருக்கிறார்களாம். "காக்காகூட வராதுக்கா. காலையில எழுந்தா எந்தச் சத்தமும் கீறதில்ல, லிஃப்டு சத்தம்தான்." அதைச் சொல்லிவிட்டு உடனே, "முட்டைய டார்ச்சு அடிச்சிப் பாத்தியா?" என்று பேச்சை மாற்றுவாள்.

ஒரு சாயங்காலம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து இடி இடித்தது. அடுத்த நிமிடம் போன். இடிச் சத்தத்தில் முட்டைக்குள் கரு கலங்கிவிடுமாம். கூடையில் இரும்பும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் இருக்கிறதா பார் என்றாள். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. உடைந்த அரிவாள் துண்டு ஒன்று வைக்கோலில் செருகியபடி இருந்தது. கரியைக் காணோம். கொட்டுகிற மழையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு விறகு அடுப்புக்கு ஓடிக் கரி எடுத்து வந்து வைத்தேன். அதுவரை போனை வைக்காமல் இருந்தவள், "நனைஞ்சிட்டியா?" என்று கேட்டாள். "ஆமாண்டி, உன் கோழிக்கு வாக்கப்பட்டு" என்றேன்.

பொரிக்கிற நாள் காலையில் முட்டைக்குள் சத்தம் கேட்டது. ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். அப்படியே போனை எடுத்து அவளைக் கூப்பிட்டு முட்டையோடு சேர்த்துப் பிடித்தேன். உள்ளிருந்து மெல்ல 'கிய்' என்றது.

"கேட்டிச்சா?"

"இன்னொரு தரம் வைக்கா" என்றாள்.

எட்டுக் குஞ்சு. இரண்டு கூமுட்டை, ஒன்று ஓட்டுக்குள்ளேயே போய்விட்டது. எண்ணிப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டு என்றால் நாலு நாலு. பிரித்தால் ஒன்றும் மிஞ்சாது. கணக்கு அன்றோடு முடிந்துவிடும்.

ஆனால் குஞ்சு வளர்க்கிறவளுக்குக் கணக்குப் பார்க்க எங்கே நேரம்? நொய்யரிசி போட வேண்டும், ஆழமில்லாத மூடியில் தண்ணீர் வைக்க வேண்டும். பழைய பானையில் சாணியும் ஈரச் சாக்கும் திணித்து வேலியோரம் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும், அதைத் தட்டிவிட்டால் குஞ்சுகள் பறந்து வந்து தின்னும் என்று போனில் சொன்னாள். செய்தேன். அப்படியே நடந்தது. பானையைத் தூக்கினாலே எட்டும் என் காலைச் சுற்றிக்கொள்ளும். பருந்துக்குப் பயந்து கோலப்பொடியில் ரோஸ் நிறத்தைக் கரைத்து முதுகில் பூசிவிட்டேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கா போவுதுங்க?" என்றார். மற்றபடி அவர் பேசவில்லை. ஆனால் குஞ்சுகளை அடைக்கிற ஓலைக்கூடாரத்துக்குக் கம்பி வலை யாரோ அடித்திருந்தார்கள். அது நான் இல்லை.

ஒரு நாள் துணி காயப்போடும்போது பருந்து வட்டமடித்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒன்று போனால் ஏழாகும், ஒற்றை மிஞ்சும், அடுத்த அடை வரைக்கும் அவள் போன் செய்தாக வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு முடிவதற்குள் பருந்து இறங்கிவிட்டது. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக்கொண்டு ஓடினேன். ஒரு குஞ்சும் போகவில்லை. கால் சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்துக் கொஞ்ச நாளில் தாய்க்கோழி அவற்றைக் கொத்த ஆரம்பித்தது. கூடவே சுற்றிய குஞ்சு பக்கத்தில் வந்தால் தலையில் ஒரு போடு. தாய் பிரிந்தாகிவிட்டது. இதைத்தான் அவளிடம் சொல்ல வேண்டும். "தாய் கொத்த ஆரம்பிச்சிடுச்சா?" என்று அவள் கேட்பாள், "இன்னும் ஒண்ணாத்தான் மேயுதுங்க" என்பேன் நான். எத்தனை வாரம் ஆனது என்று அவளுக்குத் தெரியாதா? அவளும் சரி என்று சொல்லிவிட்டு வேறு பேசுவாள்.

கடைசியில் அவளே வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதே ஒயர்கூடையோடு, தனியாக. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். இளைத்திருந்தாள். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அரைமணியில் திரும்பி வந்து சமையலறைத் திட்டில் நெத்திலிப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். அவளுக்கு நெத்திலி பிடிக்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனோம். அவள் நாக்கை மடித்து "பேக் பேக் பேக்" என்று கூப்பிட்டாள். கோழி தலையைத் தூக்கிப் பார்த்தது. பார்த்துவிட்டு, என் கையில் ஒன்றுமே இல்லாத போதும் நேராக என் காலடிக்கு வந்து நின்றது. இரண்டாவது முறை அவள் கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரம் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "எனக்கு வேணாம்க்கா. ஃப்ளாட்டுல கோழி வளக்க வுட மாட்டாங்க. குஞ்சு எட்டும் நீயே வச்சிக்கோ. கோழியும் இனிமே உன்னுதுதான்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். வீடு பிரிந்தது, மனை பிரிந்தது, தென்னை பிரிந்தது. நாலு பேர் சேர்ந்தும் பிரிக்க முடியாத ஒன்றை இவள் ஒற்றை ஆளாக நின்று பிரித்துவிட்டாள். போகாதே, இதற்காகவாவது வந்துகொண்டிரு என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் என்றைக்கு நல்ல வார்த்தை வந்திருக்கிறது?

"உன் கோழிய நீயே தூக்கிகினு போ. ஊரார் கோழிக்கு நான் இன்னாத்துக்கு நொய் போடணும்?" என்றேன்.

ஒயர்கூடையில் முருங்கைக்காயும் இரண்டு தேங்காயும் நான்தான் வைத்தேன். பஸ் ஏறும்வரை இருவரும் பஸ் நேரத்தைப் பற்றி மட்டும் பேசினோம். வீட்டுக்கு வந்து, அவள் விட்டுப்போன பழைய நீலப் புடவையில் நாடா கிழித்து நாலு குஞ்சின் காலில் கட்டினேன். அவள் வேண்டாம் என்றால் ஆகிவிடுமா? பங்கு பங்குதான்.

அதன் பிறகு போன் இல்லை. சாயங்காலம் கோழி அடையும் நேரம் வந்தால் கை தானாகப் போனைத் தேடும். நான் செய்திருக்கலாம். செய்து என்ன சொல்வது? கோழியைப் பற்றிச் சொல்லலாம் என்றால் அது என்னுடையது என்றுவிட்டாளே. காலில் நீல நாடாவோடு நாலும் பெட்டையும் சேவலுமாக வளர்ந்து நின்றன. அவளோடு உட்கார்ந்து பேசாமல் கீரை ஆய்வதுகூட எனக்கு ஒரு வேலையாகத் தெரிய ஆரம்பித்தது. அவள் இல்லாதது தினமும் வலித்தது, அவ்வளவுதான்.

கோழி மறுபடி முட்டை இட ஆரம்பித்தது. நான் விற்கவும் இல்லை, சமைக்கவும் இல்லை. அரிசி மேல் வைத்துச் சேர்த்தேன். ஒரு நாள் காலையில் அது கூடையை விட்டு இறங்க மறுத்தது. கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு உறுமியது. என்ன செய்ய வேண்டும் என்று இப்போது எனக்கே எல்லாம் தெரியும். மணல், வைக்கோல், இரும்பு, கரி, மிளகாய். யாரையும் கேட்கத் தேவையில்லை.

போன் செய்தேன். நெடுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"உன் கோழி அடை கேக்குது" என்றேன்.

அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"என் கோழின்னு யாரு சொன்னது?"

"நாலு பேரு உக்காந்து பேசினது. நீயா மாத்திப்பியா? உன் பங்கு நாலும் தெருவளவு வளந்து நிக்குது. தீனி போட்டு மாளல."

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன். நொடி ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தினி முட்டை கீது?" என்று கேட்டாள்.

"பத்து."

"பத்து வைக்காதக்கா. ஒத்தப்படையாத்தான் வைக்கணும்."

"அது தெரியும். இன்னோண்ணுக்கு எங்க போறது?"

"இரு. நான் சனிக்கெழம அம்மா வூட்டுக்குப் போறேன். அங்கேர்ந்து ஒரு முட்டை எடுத்துகினு ஞாயித்துக்கெழம நேரா வரேன். அது வரைக்கும் அடை வைக்காத."

"சரி" என்றேன். "ஒடச்சிடாம எடுத்துகினு வா. பஸ்ல கூட்டமா இருக்கும்."

பத்தில் ஒன்றை எடுத்து ஆம்லெட் போட்டுவிட்டால் ஒன்பது. அதுவும் ஒற்றைப்படைதான். எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியாமல் இருக்காது. இருவருமே அதைச் சொல்லவில்லை.